சீட்டுப் போட்ட நாள்

லோகேஷ் என்னை ஊர் சுற்றக் கூப்பிட்டபோதே, சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அம்மா சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை. தாலி கட்டினவன், ஒன்றரை வருஷமாக எட்டிப் பார்க்காதவன், தானே போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வா, மார்க்கெட் பார்த்து, சாப்பிட்டு, சும்மா சுற்றிவிட்டு வரலாம் என்கிறான். பீரோ அடியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் கட்டியது. மீன் மார்க்கெட்டுக்குப் பட்டுப் புடவையா என்று அம்மா முறைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பொன்னேரியில் அம்மாவோடு இருக்கிறேன். ஜவுளிக்கடையில் வேலை. அவனை விட்டு வந்த கதை சின்னதுதான். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று அவனுக்கு ஏரியில் பாடு முறை. ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடத்தைப் பாடு என்போம். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று வருஷத்துக்கு ஒரு தரம் அவன் குப்பத்துக் கோயிலில் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். கிடைத்த முறையை யாரும் விடமாட்டார்கள். அவனும் விடவில்லை. வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டு மறுநாள் சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்தான், கையெல்லாம் இறால் வாடையோடு. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை, அவனும் வந்து கூப்பிடவில்லை. கூப்பிடுவான் என்று காத்திருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பழவேற்காட்டில் இறங்கியதும் மல்லிப்பூவோடு நின்றிருந்தான். வைத்துக்கொள் என்று கையில் கொடுத்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் பூ வாங்கி நான் பார்த்ததில்லை.

மார்க்கெட்டில் ஏலம் முடிகிற நேரம். ஐஸ் தண்ணீர் காலுக்கடியில் ஓடியது, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கால் கட்டிய நண்டுகள் கூடையில் முண்டிக்கொண்டிருந்தன. மடவை மீன் வெள்ளி வெள்ளியாகக் குவிந்திருந்தது. எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் ஓடுகிறவன் அன்று என் பக்கத்திலேயே மெதுவாக நடந்தான். தெரிந்தவர்கள் கடை ஒவ்வொன்றிலும் நின்றான். "நம்ம நந்தினி வந்துகிறா" என்று கேட்காதவர்களிடமும் சொன்னான். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. பெண்டாட்டியைப் பார்த்து இவனுக்கு இவ்வளவு பெருமையா என்று நினைத்தேன். மடவை நான்தான் பார்த்து எடுத்தேன், செவுளைத் தூக்கி, சிவப்பு பார்த்து. வலைக்காரன் பெண்டாட்டிக்குச் சொல்லித் தரணுமா என்று மீன்காரி சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அவன் பார்த்தது என்னை இல்லை, எங்களை யார் யார் பார்க்கிறார்கள் என்று.

பாய்மார் தெருவில் டீ குடித்தோம், சமோசா தின்றோம். வாசலில் உட்கார்ந்து பனை ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த பெண்களோடு நான் பேச்சுக் கொடுத்தேன். அவன் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒல்லாந்தர் கல்லறைக்குப் போனோம். வேப்ப மர நிழலில் காற்று நன்றாக வந்தது. கொஞ்ச நேரம் உட்காரலாம், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

"இங்க யாரு கீறாங்க? வா, தெருப்பக்கம் போவலாம்" என்றான்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்கு நண்டு வறுவல் சொன்னான். நண்டு தின்றால் எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும், அது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆசையாகச் சொல்லிவிட்டான், மறந்திருப்பான் என்று அவனுக்காக நானே வக்காலத்து வாங்கிக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் பாலத்தைத் தாண்டி அவன் குப்பத்துக்குப் போனோம். முதல் வீடு அவன் சின்னம்மா கோவிந்தம்மாவுடையது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். லோகேஷ் கோயில் வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்ப, கோவிந்தம்மா என் பையிலிருந்த மடவையை வாங்கி வாசலிலேயே செதில் தேய்க்க உட்கார்ந்தார்.

"நல்ல வேள வந்த கண்ணு. இன்னிக்கு சாயந்தரம் சீட்டு. பொஞ்சாதி கூட இல்லாதவன் எப்டி தலைக்கட்டு ஆவான், லோகேசு பேர எடுத்துடலாம்னு ஊர்ல பேசிட்டாங்க. இல்ல, அவ வந்துட்டா, வேணும்னா கண்ணால பாருங்கன்னு இவன் சொல்லிகினு திரிஞ்சான். நெசமாவே கூட்டியாந்துட்டான்."

குடும்பம் நடத்துகிறவன்தான் அந்த ஊரில் தலைக்கட்டு. தலைக்கட்டு இல்லாதவனுக்குச் சீட்டு கிடையாது, பாடு கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? சீட்டு தை மாசமே முடிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் முகத்துவாரம் மண் அடைத்துக் கிடந்ததால் தள்ளிப் போட்டார்களாம். பூ, டீ, நண்டு, மெதுவான நடை எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோயில் மாட்டை ஊர்வலம் விடுவதுபோல என்னைத் தெருத் தெருவாகக் காட்டியிருக்கிறான். கோவிந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழம்பு வைக்கட்டுமா, வறுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதும் பாழும் மனசு விடவில்லை. சீட்டுக்காகத்தான் கூப்பிட்டான், இருக்கட்டும். வந்தவளை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டானா? கோயிலுக்குக் கூட்டிப்போக அவன் வந்தபோது வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

"சீட்டு முடிஞ்சதும் நான் எங்க போவணும்?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "கடைசி பஸ் கீதே. நானே வந்து ஏத்தி வுட்றேன்."

நான் அவன் பின்னால் நடந்தேன். கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பித்தளைக் குடம், அதற்குள் சுருட்டிய சீட்டுகள். ஊர்த் தலைவரான பெரிய தலைக்கட்டு சகாதேவன் லோகேஷின் சீட்டை மட்டும் தனியாகக் கையில் வைத்திருந்தார். நல்ல மனுஷர். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இன்னாம்மா நந்தினி, வந்துட்டியா?"

ஆமாம் மாமா என்றால் போதும். சீட்டு குடத்துக்குள் விழுந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. என் பக்கத்தில் நின்றிருந்த லோகேஷ் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவன் கண் இந்தப் பாடு மேல்தானே இருந்தது என்று நினைத்தேன்.

"வந்தேன் மாமா. கடைசி பஸ்ஸுக்குப் போயிடுவேன். அதுல ஏத்தி வுட்றேன்னு உங்க ஊர்ப் புள்ளதான் சொன்னாரு."

சகாதேவன் கையிலிருந்த சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலையிலிருந்து என் பக்கத்திலேயே நடந்தவன் அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

பஸ் ஏற்றிவிட அவன் வரவில்லை. பாலத்தைத் தனியாகத் தாண்டி வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அவனுடைய பாடு போனதற்கு நான் அழவில்லை. மீன் மார்க்கெட்டுக்குப் பட்டுப் புடவையா என்று அம்மா கேட்டபோது ஆமாம் என்று சொன்னேனே, அதை நினைத்துத்தான் பொன்னேரி வரைக்கும் அழுதேன்.