அயர்ன் மாஸ்டர் நடித்த ஏழு நொடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. திருப்பூரிலேயே எடுத்த ஒரு காதல் நகைச்சுவைப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் படப்பிடிப்பில் கூட்டத்தில் ஒருவராக நின்ற, துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் ஒருவர், "நா வந்தேனா சார்?" என்று கேட்டார். வந்தீர்கள் என்றேன். அவர் வரவில்லை. அன்று மாலை கோயிலில் கும்பிட்டபோது கை கூசியது. ஆகவே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'நொய்யல் நதிக்கரையில் காதல் என்பது

வேண்டாம். அங்கே சாயக்கழிவு நாற்றத்தில் மூக்கைப் பொத்தாமல் காதலிக்க முடியாது.

இரண்டாம் தொடக்கம்: திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனி. செக்கிங்கில் அன்புசெல்வி. தைத்துத் தேய்த்து வந்த துணியில் குறை கண்டால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. ஏழு வருடத்தில் அவள் பாஸ் செய்த ஒரு பீஸும் திரும்பி வந்ததில்லை.

இதுவே இருக்கட்டும்.

3

படத்துக்கு 'ஒரு டஜன் காதல்' என்று பெயர் வைக்கிறேன். அதில் ஒரு காட்சியை அந்தக் கம்பெனியில்தான் எடுத்தார்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து பதினாறு வருடமாக அங்கே துணி தேய்க்கும் ராஜபாண்டி, நாயகனுக்குப் பின்னால் ஒரு பகல் முழுக்க அயர்ன் டேபிள் முன் நின்று தேய்த்தார். நாயகனின் சட்டையையும் அவரே தேய்த்துக் கொடுத்தார். படம் வந்த வாரம் சரக்குக் கப்பலேறும் ஷிப்மென்ட் அவசரம். அவரால் போக முடியவில்லை. போய்வந்தவர்களிடம் கேட்டார்.

"பர்ஸ்ட் ஆப் இழுவைங்க. செகண்ட் ஆப் ஓடிருச்சு" என்றார் சூப்பர்வைசர் பிரபாகர். "நீங்க சூப்பருங்க மாஸ்டர்."

"பாட்டு நல்லாருந்துச்சுங்க" என்றாள் துணி மடிக்கும் வேலாத்தாள். "ஆனா அந்தப் புள்ள நூலே கோக்காத மிஷின்ல அரை நாளாத் தைக்குது. அதைப் பாத்து ஒருத்தன் லவ் பண்றானாமா! உங்களைத்தானுங்க நல்லாக் காட்டுனாங்க."

டெய்லர் தீனதயாளனுக்கு அழுகை வந்ததாம். பிசிறு வெட்டும் சுபஸ்ரீக்குத் தூக்கம். படத்தைப் பற்றி நாற்பது பேருக்கு நாற்பது கருத்து. ராஜபாண்டியைப் பற்றி ஒரே கருத்து.

(எல்லோரும் நல்லவர்கள். இந்தக் கதையின் சிக்கல் அதுதான். பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பவர்களால்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். ஆனால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால்

4

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ராஜபாண்டி சொன்னார்: "ஞாயித்துக்கெழம ஊர்லருந்து எங்காத்தா வருது. வேன் பேசியாச்சு. பதினாலு பேரு. எம் மூஞ்சியத் தெரையில பாக்கணுமாம்."

யாரும் சோற்றைப் பிசையவில்லை.

அன்புசெல்வி முந்தின நாள்தான் படம் பார்த்திருந்தாள். துணியைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள், மேலிருந்து கீழ், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம். அந்தக் காட்சி ஏழு நொடி. டேபிள் இருந்தது. ஆவி பறந்தது. ஆள் இல்லை.

"ஏ தாயி, நீ மட்டும் ஒண்ணுஞ் சொல்லலையே. பாத்தியா என்னைய?"

பிரபாகர் இருமினார். வேலாத்தாள் அன்புசெல்வியின் காலை மிதித்தாள்.

5

முடிவு அ: "வந்தீங்ணா" என்கிறாள். வேன் வருகிறது. இருட்டில் பதினான்கு பேர் திரையில் ஒரு முகத்தைத் தேடுகிற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

முடிவு ஆ: "வரலீங்ணா." உண்மைதான். ஆனால் சோற்றுக்கு முன் உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் வெறும் உண்மையை

முடிவு இ:

"நீங்க வரலீங்ணா" என்றாள். "நீங்க தேச்ச சட்டை வந்துச்சு. கடைசியில அந்த ஹீரோப் பையன் போட்டுட்டு ஓடுவானுங்க. காலர் முனையில ரெண்டு தரம் அழுத்துவீங்கல்ல, அப்படியே இருந்துச்சு. தெனமும் பாக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?"

ராஜபாண்டி அவளைப் பார்த்தார். பிறகு மற்றவர்களை, ஒவ்வொருவராக.

"அப்ப நீங்கள்லாம் யாரைத்தேன் பாத்தீக?"

வேலாத்தாள் தன் அவித்த முட்டையில் பாதியை எடுத்து அவர் டிபன் மூடியில் வைத்தாள்.

6

ராஜபாண்டி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேனை நிறுத்தினாரா, சட்டையைப் பார்க்க வாருங்கள் என்றாரா? நான் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவருக்குத் தவறான பதில் சொன்னவன் நான்.

இந்தாருங்கள் அம்பு ஸ்டிக்கர். குறை தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். ஒன்றாம் பகுதியில் நானே ஒன்று ஒட்டிவிட்டேன். மீதியை நீங்கள் பாருங்கள்.

வேன் ஞாயிறு விடிகாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறது.