ஆறாயிரம் சுற்று

பல் டாக்டர் மூன்றாவது முறையாக வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். முப்பத்தைந்து வருஷப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதன் எஞ்சினைக் கடைசி போல்ட் வரை பிரித்துப் பூட்டியவள் நான்.

"இழுக்கவே மாட்டேங்குது, இருமுது," என்று மாமாவிடம் சொன்னார். நான் அவர் மூக்குக்கு நேரே நின்றிருந்தேன்.

ஒர்க்‌ஷாப் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், புது ஆள் வந்தால் "என் அக்கா பொண்ணு, இன்ஜினியர்" என்று நெஞ்சை நிமிர்த்துவார். புகார் வந்தால் மட்டும் என் பட்டம் பறந்துவிடும்.

"சின்னப் பொண்ணு சார், கத்துக்கிட்டு இருக்கா. நானே பிரிச்சுப் பாக்கறேன்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து எஞ்சின் வேணாம்மா உனக்கு. போன் எடுக்கற சீட்டுல உக்காரு. ஃபேன் காத்து நேரா வரும்."

ஃபேன் காற்றாம்! உச்சந்தலை எரிந்தது எனக்கு.

ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அதன் கறுப்பிடம் அடுப்புக்கரி தோற்றது. "எத்தனை ஆர்.பி.எம்.ல ஓட்டறீங்க? நிமிஷத்துக்கு எத்தனை சுத்து?"

"ரெண்டாயிரத்தைத் தாண்டவே மாட்டேன். பழசாச்சே, கைக்குழந்தை மாதிரி வெச்சிருக்கேன்."

"அதான் சார் வியாதி. ஓடறதுக்குன்னே பொறந்த எஞ்சின். தொட்டில்ல போட்டு ஆட்டினா கரி அடைக்காம என்ன பண்ணும்?"

"ஏய், வாயை மூடு!" என்றார் மாமா.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," டாக்டர் சிரித்தார்.

"ஆடிக் காட்டறேன். ஏறுங்க."

பிளக்குகளைத் துடைத்து மாட்டினேன். வண்டியைத் தனியே கொடுக்கப் பயந்தே அவர் பக்கத்தில் ஏறினார். ஆயில் சூடாகும்வரை பத்து நிமிடம் நிதானமாகத்தான் ஓட்டினேன். என் கோபத்துக்கு எஞ்சின் என்ன செய்யும்? ஆளில்லாத புறவழிச்சாலை வந்தது. இரண்டாவது கியர். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தேன்.

மூவாயிரத்தில் வண்டி விக்கியது. கண்ணாடியில் கரும்புகை.

"உடைச்சிடுவ! விடு காலை!"

விடவில்லை. நாலாயிரத்தில் விக்கல் நின்றது. ஐயாயிரத்தில் ஸ்டியரிங் வழியே ஓர் அதிர்வு கைக்குள் ஏறியது. ஆறாயிரத்தில் அந்தக் கிழட்டு எஞ்சின் அடித்தொண்டையிலிருந்து கத்தியது. நான் அன்று கத்த நினைத்த அத்தனையையும் சேர்த்துக் கத்தியது.

"கியரை மாத்தும்மா தாயே!"

"மீட்டர்ல சிவப்புக் கோட்டுக்கு இன்னும் ஆயிரம் இருக்கு சார்."

வேகம் என்னவோ எண்பதுதான். நான்கு முறை அப்படி ஏற்றி இறக்கினேன். நான்காவது முறை புகையே இல்லை; அடைத்திருந்த கரி எரிந்து போயிருந்தது.

திரும்பி வந்ததும் டாக்டர் இறங்கி ஓடி மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பறக்குதுங்க! உங்க கைராசியே தனி!"

மாமா கூச்சமே இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க மாமா. யார் பண்ண எஞ்சின்?"

"வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல எஞ்சின் இல்ல. இங்கயே சொல்லுங்க. இல்லன்னா நாளைக்கு நான் வேற ஒர்க்‌ஷாப்ல இருப்பேன்."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவதான் சார். முழுசும் அவதான்," என்றார்.

"ஓ... பொண்ணு நல்லாத்தான் பண்ணியிருக்கா," என்றார் டாக்டர், அப்போதும் மாமாவிடமே.

"என்கிட்ட சொல்லுங்க சார். இங்கதான் நிக்கறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நல்லா பண்ணியிருக்கம்மா."

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, வரிசையில் அடுத்து நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்தேன். மாமா பார்த்தார். போன் அடித்ததும் தானே போய் எடுத்தார்.