மியூனிக்குக்குச் சொல்லி அனுப்புதல்

இரும்பைக் கும்பிட்டவன் எவனும் முன்னேறியதாக மனித வரலாற்றில் சான்றே இல்லை. காணிப்பாக்கம் கோயில் வாசலில், பாதி தின்ற புளியோதரைப் பொட்டலத்தோடு குணா இதை அறிவித்தான். தீர்ப்பு வாசிக்கிற நீதிபதியின் முகம். கேட்டது கன்னிகா ஒருத்திதான்.

"மொதல்ல வாயத் தொடச்சிக்கினு பேசு," என்றாள்.

எதிரே வாகன பூஜைக்கு நின்றது அவளுடைய நைனா பாலசுப்பிரமணியன் ஓட்டும் கிரானைட் லாரி. ஜெர்மன்காரர்களின் 'மேன்' வண்டி, முகப்பில் சிங்கம். அந்தக் கம்பெனி இங்கே விற்பனையை நிறுத்திச் சில வருடமாகிறது. இந்த வண்டி மட்டும் சித்தூர்க் குவாரியில் கல் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. அதே கம்பெனியின் மியூனிக் தொழிற்சாலையில் கன்னிகாவுக்கு வேலை. மறுநாள் விமானம்.

திருப்பதி காலேஜில் இருவரும் ஒரே வகுப்பு. மேன் கம்பெனி வரலாறு என்று அவள் செமினார் எடுத்தபோது ஸ்லைடு போட்டுக் கொடுத்தவன் குணாதான். 1758இல் ஓர் இரும்பு உலை. ஆக்ஸ்பர்க்கில் டீசல் என்ற மனிதர் வருடக்கணக்கில் முட்டி மோதி ஓடவைத்த எஞ்சின். முதல் உலகப்போர்க் காலத்தில் முதல் லாரி. பிறகு வேறொரு கம்பெனியை வாங்கி, அதன் சிங்கத்தையும் தன் முகப்பில் வைத்துக்கொண்டது. இருநூற்றைம்பது வருடத்தைச் சில ஸ்லைடுகளில் அடக்கியவனுக்கு, 'போய் வா, நான் காத்திருக்கிறேன்' என்ற ஒற்றை வரி இன்னும் வாயில் வரவில்லை.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பாலசுப்பிரமணியன் மகளின் பாஸ்போர்ட்டைச் சிங்கத்துக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடினார்.

"நாளைக்கு எம்பொண்ணு உங்க ஊருக்கு வர்றா. உங்காளுங்க கையில சொல்லி வையி. பத்திரமா பாத்துக்கச் சொல்லு."

குணாவால் பொறுக்க முடியவில்லை. "அங்கிள், இது மத்தியப்பிரதேசத்துல பூட்டுன வண்டி. ஜெர்மன்லாம் தெரியாது. இந்தில சொல்லுங்க."

"எங்க பூட்டுனா இன்னா தம்பி? வம்சம்னு ஒண்ணு கீதில்ல?"

குணா விழுந்து விழுந்து சிரித்தான். கன்னிகா சிரிக்கவில்லை. அவனை லாரிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"எதனா சொல்லணுமா?"

"யாருகிட்ட, லாரிகிட்டயா?"

"எங்கிட்ட."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "டீசலைப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு," என்றான்.

"அவரு செத்து நூறு வருசமாச்சு," என்றாள். கேபினில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

மியூனிக்கிலிருந்து குணாவின் போனுக்கு முதலில் பனிப் படம் வந்தது. சிரிப்புப் பொம்மை அனுப்பினான். கேன்டீன் படம் வந்தது. அதற்கும் அதே பொம்மை. 'எப்ப வருவே' என்று அடிப்பான், அழிப்பான். மெல்லப் படங்கள் வருவது நின்றுபோனது.

ஒருநாள் மத்தியானம் சித்தூர் பைபாஸில் அந்த லாரி நின்றிருந்தது. பாலசுப்பிரமணியன் மெஸ்ஸுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குணா பைக்கை நிறுத்தினான். இரண்டு பக்கமும் பார்த்தான். முகப்பில் உள்ளங்கையை வைத்தான். இரும்பு இன்னும் சூடாக இருந்தது.

"சும்மாதான் வந்தேன்," என்றான் தாழ்ந்த குரலில். "அங்க குளிராமே. ஸ்வெட்டர் போட்டுக்கினாளான்னு கேளு. நேரத்துக்குத் துன்றாளான்னு கேளு. அப்புறம்... நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லு."

கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.