தெருமுனை ஹாரன்

பஸ் டிப்போவே இரண்டுபட்டுக் கிடந்தது. போர் நியாயம் என்று ஒரு கூட்டம், அநியாயம் என்று இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்குத் தலைவன் 'மீசை', அடுத்ததற்கு 'நெட்டை'. இரண்டு பேரும் டிரைவர்கள்தான். ஒரே பெஞ்சில் டீ குடித்தவர்கள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் கேலி செய்துகொண்டிருந்த மூன்றாவது டிரைவர் பழைய பட்டாளத்துக்காரன். போருக்குக் கூப்பிட்டார்கள், போனான். இன்று சவப்பெட்டியில் வருகிறான்.

"அண்ணே, டிப்போ வாசல்ல அவரு வர்ற வண்டி கொஞ்ச நேரம் நிக்கட்டும். ஆனா கோஷம் மட்டும் வேணாம். வாழ்கவும் வேணாம், ஒழிகவும் வேணாம்" என்று அவன் மனைவி காலையிலேயே நெட்டையிடம் கேட்டிருந்தாள். "நான் பாத்துக்கறேன் தங்கச்சி" என்று நெட்டையும் வாக்குக் கொடுத்துவிட்டான். அந்த வாய் சும்மா இருந்தால்தானே!

ராணுவ வண்டி வந்து நின்றதுதான் தாமதம். இந்தப் பக்கமிருந்து கொடிகளோடு ஒரு ஊர்வலம், அந்தப் பக்கமிருந்து கறுப்புக் கொடிகளோடு இன்னொன்று. நெட்டை குறுக்கே ஓடினான்.

"கத்தாதீங்கப்பா! அவ கெஞ்சிக் கேட்டிருக்காப்பா!"

"நம்ம ஆளு நீயே இப்படிச் சொல்லலாமா?" என்று அவனுடைய ஆட்களே அவனை ஓரம் தள்ளினார்கள். எதிரே மீசையின் கையில் மைக். கோஷம் காதைப் பிளந்தது. டிப்போவுக்கு எதிர்வீடுதான் அவள் வீடு. வாசலில் நின்றவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

நெட்டைக்கு ரத்தம் கொதித்தது. வாசலில் நின்ற தன் பஸ்ஸில் தாவி ஏறினான், ஹாரனை அழுத்தினான். எதையாவது அழுத்தினால் போதும் என்றுதான் அழுத்தினான். கை என்னவோ இரண்டு நீளமும் ஒரு குட்டையுமாக அடித்தது. அது செத்தவனின் ஹாரன். வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போது தினமும் அப்படித்தான் அடிப்பான். பஸ்ஸை விட்டுவிட்டு அவன் வீட்டுக்குள் நுழைவதற்குள் சாப்பாடு சூடாகியிருக்கும்.

மைக் சட்டென்று ஓய்ந்தது. மீசையைக் காணோம். மறு நொடி டிப்போவுக்குள்ளிருந்து பதில் வந்தது: இரண்டு நீளம், ஒரு குட்டை. மீசையின் பஸ்! நெட்டைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அடிடா, அடி!" என்று கத்தினான். அப்புறம் யாரைக் கேட்க வேண்டும்? டிரைவர்கள் கொடிகளைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்கள். பஸ் பஸ்ஸாக ஹாரன் கிளம்பியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. கீழே கிடந்த மைக்கை எடுத்து யாரோ ஒருவர் வாயை வாயைத் திறந்தார். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அவரும் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

ஹாரன்கள் அடங்கியபோது தெருவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஜெயித்துவிட்ட வேகத்தில் நெட்டை இறங்கி எதிர்வீட்டைப் பார்த்தான். வாசலில் அவளைக் காணோம்.

பதறிப்போய் உள்ளே ஓடினான், பின்னாலேயே மீசை. அவள் சமையலறையில் நின்றிருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு காலிப் பாத்திரம்.

"ஹாரன் கேட்டுச்சுல்லண்ணே," என்றாள். "கை தானா அடுப்பப் பத்த வச்சிருச்சு."

மீசை எட்டி அடுப்பை அணைத்தான். பிறகு மூன்று பேருமாக ராணுவ வண்டிக்கு நடந்தார்கள்.