மிச்சம் ஐம்பத்தைந்து கிலோ

மார்ச் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில், தராசு பழுதுபார்க்கிறவரின் மனைவி தன் எடையில் ஐம்பத்தைந்து கிலோவை ஒரு தராசின் மேல் விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். அன்று நுழைவுச்சீட்டு குழந்தைகளுக்குப் பாதி விலை. மழை இல்லை. லிஃப்ட் ஓடவில்லை.

லிஃப்ட் ஓடாததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மனைவி திரைச்சீலைத் துணிக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். வாரத்தில் ஆறு நாளும் ஏணியில் ஏறி, மேல்தட்டுத் துணிச் சுருள்களை இறக்கிக் காட்டி, வாடிக்கையாளர் உதட்டைப் பிதுக்கியதும் திரும்ப ஏற்றி வைப்பது அவள் வேலை. அதில் இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவள் விரும்பியது ஒரு நாற்காலி மட்டும். ஆனால் மகளுக்குப் பள்ளியில் அருங்காட்சியகம் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். மனைவியின் அண்ணன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், நானும் வருகிறேன் என்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். தராசுக்காரர் மட்டும்தான் யாரும் சொல்லாமலே சட்டை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். வாசலில் "தயவுசெய்து தொடவும்" என்று பலகை வைத்த கட்டிடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குக் கை துறுதுறுவென்று இருந்தது.

அந்தக் கை சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். மருந்துக்கடை, தபால் நிலையம், குழந்தை மருத்துவரின் அறை என்று எங்கே போனாலும், தராசைக் கண்டால் சட்டைப் பையிலிருந்து அரைக் கிலோ பித்தளை எடைக்கல்லை எடுத்து வைத்துப் பார்ப்பார். முள் தப்பாக நின்றால் அடுத்த பையிலிருந்து திருப்புளி வெளியே வரும். சரியாக நின்றால் கல்லை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். தப்பாகக் காட்டும் தராசை விட்டுவைக்கக் கூடாது, சரியாகக் காட்டும் தராசில் கைவைக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் அவர் தொழிலின் சட்டம். ஆட்களையும் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவார். மற்ற கணவர்கள் மனைவியின் பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பதுபோல, தன் மனைவி அறுபத்தாறு கிலோ என்பதை அவர் நினைவில் வைத்திருந்தார். பிறந்தநாளைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

தரைத்தளம் ஓவியத்துக்கு. வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பட்டை வண்ணம் பூச வேண்டிய பெரிய சுவர் ஒன்று அங்கே இருந்தது. மகள் நீலத்தில் ஒரு பூனை வரைந்தாள். மச்சான் அதன் மேலேயே சிவப்பில் ஒரு கார் வரைந்து, அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. முதல் மாடி வரலாற்றுக்கு. உடைந்த ஓடுகளைத் தந்து, பழங்காலப் பானையை ஒட்டவைத்துப் பாருங்கள் என்றார்கள். மச்சான் வேர்க்க விறுவிறுக்க ஒட்டி முடித்தபோது பானைக்கு இரண்டு வாய் வந்திருந்தது, கையில் ஒரு ஓடு மிச்சமும் இருந்தது. "அந்தக் காலத்துல இப்படித்தான் செஞ்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு மிச்ச ஓட்டை மேசைக்கடியில் தள்ளினார். இரண்டாம் மாடிதான் அறிவியல். படியேறி வந்த மனைவிக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. சுற்றிலும் உட்கார இடமில்லை. பெரிய வட்ட முகமும் நீள முள்ளும் கொண்ட ஒரு தராசு ஓரமாக நின்றது. அதற்கு மார்பு உயரத்தில் கைப்பிடிக் கம்பி இருந்தது. சாய்ந்துகொள்ள வேறு எதுவும் கிடைக்காததால் அவள் அதில் ஏறி நின்றாள். தலைக்கு மேலே "நிலவில் உங்கள் எடை" என்று எழுதியிருந்ததை அவள் படிக்கவில்லை. தராசுக்காரரும் படிக்கவில்லை. அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பதினொன்றில் நின்றது.

"இறங்காத. அப்படியே நில்லு" என்றார்.

"என்னங்க, இங்கயுமா?"

"பதினொண்ணுன்னு காட்டுது. உன்னைப் பாத்துப் பதினொண்ணுன்னு சொன்னா அந்தத் தராசை என்ன பண்றது?"

"எனக்குப் பிடிச்சிருக்கு. விடுங்க."

"மாப்ள, கண்காட்சிப் பொருளைக் கழட்டினா உள்ள தூக்கிப் போட்ருவாங்க" என்றார் மச்சான்.

"தொடச் சொல்லித்தானே எழுதியிருக்கான்" என்று சொல்லியபடியே தராசுக்காரர் மண்டியிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே அவர் அதுவரை பார்த்திராத திருகு ஒன்று இருந்தது. கால் சுற்றுத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம் வந்தது, ஊறுகாய் ஜாடி மூடி திறந்துகொள்வதுபோல. முள் விறுவிறுவென்று ஏறி அறுபத்தாறில் போய் நின்றது. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, இப்போது இறங்கலாம் என்றார்.

மனைவி இறங்கினாள். முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. ஐம்பத்தைந்தில் நின்றது. காலி மேடையில் முள் நிற்பது தொழிலில் சாதாரணக் கோளாறு என்பதால் தராசுக்காரர் மறுபடியும் மண்டியிடப் போனார். அதற்குள் மஞ்சள் மேலங்கி போட்ட வழிகாட்டிப் பெண் ஓடிவந்து, "சார், தொடலாம், பிரிக்கக் கூடாது சார்" என்று திருப்புளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதே நேரத்தில் வெளியே போகத் திரும்பிய மனைவி ஒரு எட்டு எடுத்துவைத்தாள். அந்த ஓர் எட்டு அவளைக் காந்தங்கள் இருந்த மேசையைத் தாண்டி, எதிரொலிக் குழாயைத் தாண்டி, படிக்கட்டின் தலைப்பில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். மகள் மட்டும் தன் தாளில், அம்மா குதித்தாள், என்று எழுதிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது பேருந்து வேகத்தடையில் ஏறிய ஒவ்வொரு முறையும் மனைவியின் தலை கூரையில் தட்டியது. தராசுக்காரர் நேரே அவளைத் தன் பட்டறைக்குக் கூட்டிப்போய், பழுது முடிந்து வாடிக்கையாளருக்காகக் காத்திருந்த ஏழு தராசுகளிலும் வரிசையாக ஏற்றினார். ஏழும் பதினொன்று என்றன. ஒரு தராசு பொய் சொல்லும், இரண்டு சொல்லும், தான் கைபார்த்த ஏழும் சேர்ந்துகொண்டு பொய் சொல்லாது. அறுபத்தாறில் பதினொன்று போக ஐம்பத்தைந்து. அது எங்கே இருக்கிறது என்பதை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். அடுத்த ஞாயிறு போய் எடுத்துவந்துவிடலாம் என்றார். சரி என்றாள் மனைவி. அடுத்த ஞாயிறு அவளுக்குத் தலைவலி. அதற்கடுத்த ஞாயிறு கடையில் கணக்கெடுப்பு. பிறகு மகளுக்குப் பரீட்சை, பிறகு விடுமுறை, பிறகு வெயில்.

உண்மை என்னவென்றால் அவளுக்கு முழங்கால் வலிக்கவில்லை. துணிக் கடையில் ஏணியைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் சாத்திவிட்டார்கள். வாடிக்கையாளர் மேல்தட்டைக் காட்டினால், அவள் தரையை விரலால் லேசாக உந்தி மேலே போய், சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பஞ்சு இறங்குவதுபோல இறங்கினாள். வருகிறவர்கள் தேவையே இல்லாமல் மேல்தட்டுத் துணியாகக் கேட்டார்கள். முதலாளி மேலே இன்னும் இரண்டு தட்டு அடித்தார். மாலையில் வீடு வந்ததும் நாற்காலி தேடி உட்காரும் வழக்கம் அவளிடம் இல்லாமல் போனது. மகளோடு மொட்டை மாடியில் பந்து விளையாடினாள். தண்ணீர்த் தொட்டி மேல் விழும் பந்துகளை எடுத்துத் தருமாறு தெருப் பிள்ளைகள் எல்லாரும் அவளிடம் வந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத ஒரு சிரிப்பைத் தராசுக்காரர் அந்த மாதங்களில் அடிக்கடி கேட்டார். பெரும்பாலும் அது அவர் தலைக்கு மேலிருந்து வந்தது.

அவருக்குத்தான் நிம்மதி போயிற்று. மனைவி இருக்கும் அறையில் மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைக்க மாட்டார். கதவைத் திறக்கும் முன் ஜன்னலைச் சாத்துவார். அவள் தும்மினால் எழுந்து நின்றுவிடுவார். சர்க்கரை மொத்த வியாபாரி ஒருவர் பட்டறைக்கு வந்து, இதையே தலைகீழாக, மூட்டை கனம் கூடுகிற மாதிரி செய்துதர முடியுமா என்று தணிந்த குரலில் விசாரித்தார். தராசுக்காரர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். ஆனால் இதெல்லாம் மேலோட்டம். ஒரு தட்டில் குறைந்தால் மறு தட்டில் இருக்க வேண்டும் என்று நம்பி வாழ்ந்த மனிதருக்கு, தன் மனைவியின் பெரும் பகுதி யாரோ ஒருவருடைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் கேட்பாரற்று நிற்கிறது என்பதும், மீதிப் பகுதி எந்தக் காற்றோடும் போய்விடலாம் என்பதும் பொறுக்க முடியாததாக இருந்தது. ஒருநாள் அவள் போயே போய்விட்டால் தன்னிடம் மிஞ்சுவது காலி மேடையில் நிற்கும் ஒரு முள்தான் என்று மச்சானிடம் சொன்னார். மச்சான், "அதுக்குத்தான் மாப்ள நான் எல்லாருக்கும் முதல்ல பிரேக்கைச் சொல்லித் தர்றது" என்றார்.

ஜூலையில் காற்று வந்தது. மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் போர்வையோடு சேர்த்துத் தூக்கி, தெருவின் குறுக்கே கொண்டுபோய், எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தது. அவள் காயப்போட வந்த மற்ற துணிகள் பத்திரமாக வாளியிலேயே இருந்தன. தராசுக்காரர் தெரு நடுவில் நின்று, போர்வையை விட்டுவிடு, போர்வையை விட்டுவிடு என்று கத்தினார். அது புதுப் போர்வை என்பதால் அவள் விடவில்லை. பயிற்சிக் காரின் மேல் ஏணி கட்டி மச்சான்தான் இறக்கினார். காரில் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண்மணி அவ்வளவு நேரமும் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவேயில்லை என்று பிற்பாடு எல்லோரும் பாராட்டினார்கள். இறங்கியதும் தராசுக்காரர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தவர் வீட்டுக்குள் வந்தபிறகும் விடவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, என்றார். அவர் இன்னும் விடாத தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, அவள் தலைவலி என்று எதுவும் சொல்லவில்லை.

லிஃப்ட் இப்போதும் ஓடவில்லை. மனைவி படிக்கட்டை மூன்றே தாவலில் முடித்துவிட்டு மேலே காத்திருந்தாள். தராசின் முன்னால் நீண்ட வரிசை நின்றது. பலகை மாறியிருந்தது. "வியாழன் கோளில் உங்கள் எடை" என்றது. நடந்தது இதுதான்: ஐம்பத்தைந்து கிலோ தங்கிப்போன தராசு, ஏறிய எல்லோருக்கும் அந்த அளவு கூடுதலாகக் காட்டியிருக்கிறது. பழுது பார்க்க ஆள் வராததால், நிர்வாகம் ஆலோசித்துப் பலகையை மட்டும் மாற்றியது. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்து, முப்பத்தேழு கிலோ உள்ள பிள்ளைக்கு மட்டும்தான் இது வியாழனுக்குப் பொருந்தும், மற்றவர்களுக்குத் தப்பு என்று புகார் கொடுத்தார். முப்பத்தேழு கிலோ பிள்ளைகள் ஏராளமாக வருகிறார்கள் என்று அருங்காட்சியகம் அவருக்கு நன்றி தெரிவித்தது.

வழிகாட்டிப் பெண்ணுக்கு அவர்களை மறக்க வழியில்லை. மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியைக் கொண்டுவந்து கொடுத்து, "சீக்கிரம் சார், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார்" என்றாள். அதிகம் கூட்டம் வரும் காட்சி இதுதான், எடை போய்விட்டால் மறுபடி பலகை மாற்றவேண்டும் என்றும் வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டாள். அம்மா கழற்றிக் கொடுத்த செருப்பை மகள் பிடித்துக்கொண்டாள். மனைவி மேடையில் ஏறிக் கம்பியைப் பிடித்தாள். கடையின் மேல்தட்டுகளையும் அந்த இரண்டு புதுத் தட்டுகளையும் அவள் நினைத்திருக்க வேண்டும், முகம் சுருங்கியிருந்தது. தராசுக்காரர் மண்டியிட்டுத் தகட்டைக் கழற்றித் திருகில் திருப்புளியை வைத்தார். கால் சுற்றுப் பின்னால் திருகினால் போதும். தொழில் வழக்கப்படி, திருகும் முன் அண்ணாந்து முள்ளைப் பார்த்தார்.

முள் அறுபத்தாறில் நின்றது. தராசில் தங்கிய ஐம்பத்தைந்து, மேலே நிற்கும் பதினொன்று. ஒரு மயிரிழை கூடுதலும் இல்லை, ஒரு மயிரிழை குறைவும் இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன காட்டுது?" என்றாள் மனைவி, குனிந்து பார்க்காமல்.

"அறுபத்தாறு."

"சரியா தப்பா?"

"சரிதான்" என்றார்.

"சரியா காட்டுற தராசுல கை வைக்கலாமாங்க?"

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவர் காலை மிதித்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தராசுக்காரர் திருப்புளியை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். தகட்டை மூடி நான்கு திருகும் இறுக்கினார். பிறகு எழுந்து, மனைவி இறங்கக் கை கொடுத்தார். காந்த மேசைவரை அவரும் கூடவே போகவேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலமே பட்டறையில் தடித்த கான்வாஸில் ஒரு இடுப்புப் பட்டை தைத்தார். முத்திரை குத்திய இரும்பு எடைக்கற்கள் போடுவதற்கு அதில் பைகள் வைத்தார். காற்று அடிக்கிற நாட்களில் மனைவி அதைக் கட்டிக்கொள்கிறாள். எத்தனை கல் போடுவது என்பதைக் காலையில் தெருமுனை மரத்தைப் பார்த்து அவர் சொல்லிவிடுவார். காற்று இல்லாத நாட்களில் பட்டை ஆணியில் தொங்குகிறது. மின்விசிறி இப்போது மூன்றில் ஓடுகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு குடும்பத்தோடு அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். மகள் சுவரில் வண்ணம் பூசுகிறாள், மச்சான் பானை ஒட்டுகிறார். மனைவி தராசில் ஏறி நிற்க, தராசுக்காரர் முள்ளைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், வீடு திரும்புகிறார்கள். போன மாதம் அறுபத்தேழு காட்டியது. தராசில் கோளாறு என்றாள் மனைவி. இல்லை என்றார் தராசுக்காரர்.