வாய் வைத்தால் வாங்க வேண்டும்

என் முன்பற்கள் இரண்டும் என்னுடையவை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் பார்க்கிறார்கள், பிறகு பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நான் பஸ் ஓட்டுகிறவள். ஒரு நாள் குறுக்கே பாய்ந்த காரின் மேல் ஏறிவிடாமல் இருக்க பிரேக்கை மிதித்தேன். பஸ் நின்றது, கார் தப்பியது, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தப்பினார்கள், என் வாய் மட்டும் ஸ்டியரிங்கில் போய் மோதியது. கார்க்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் இது அவன் கதை இல்லை.

எங்கள் டிப்போவில் ஒரு பேண்டு இருக்கிறது. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். யாராவது ஓய்வு பெற்றால் வாசிப்போம், புது வண்டி வந்தால் வாசிப்போம், ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் காது கிழிய வாசிப்போம். அதில் முதல் டிரம்பெட் நாற்காலி என்னுடையது. யாரும் பாவம் பார்த்துக் கொடுத்ததில்லை. ஊதி வாங்கியது.

பேண்டில் ஒரு வழக்கம். டிரம்பெட் டிப்போவுடையது. ஆனால் உதட்டில் வைக்கிற அந்தக் குட்டிக் கிண்ணம், மவுத்பீஸ், அவரவர் சொந்தம். ஒருவர் எச்சில் இன்னொருவருக்கு வேண்டாமே என்று யாரோ எப்போதோ கொண்டுவந்த ஏற்பாடு. அதனால் நான் ஆஸ்பத்திரியில் படுத்தபோது டிரம்பெட் ஒரு புது மெக்கானிக் பையனிடம் போயிற்று, மவுத்பீஸ் என் கைப்பையிலேயே இருந்தது. அந்தப் பையனை எல்லாரும் ‘புதுசு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

பல் கட்டி, புண் ஆறி, டாக்டர் ஊதலாம் என்று சொன்ன மறுநாளே டிப்போவுக்குப் போனேன். பேண்டை நடத்துகிறவர் நேரம் எழுதும் கிளார்க். அவரை நாங்கள் கேப்டன் என்போம். கேப்டன் என் வாயைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“வாங்கக்கா. சிம்பல் தட்டு அடிக்க ஆள் இல்ல. நீங்க எடுத்துக்கங்களேன்? அதுல வாய்க்கு வேலையே இல்ல.”

“எனக்கு வாய்க்குத்தான் வேலை வேணும்.”

கேப்டன் தலையைச் சொறிந்தார். “டிப்போ டிரம்பெட்டு புதுசுகிட்ட இருக்கு. அதைப் பிடுங்க முடியாது. நீங்க சொந்தமா ஒண்ணு கொண்டு வாங்க. ஆண்டு விழாவுக்குப் பேர் எழுதற ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து வாசிச்சுட்டா நாற்காலி உங்களுது. இல்லன்னா அவன் பேரை எழுதிடுவேன். கோச்சுக்காதீங்க.”

நான் வரமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் அப்படி அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

வீட்டில் நானும் மகளும்தான். மகளுக்கு உப்பு தீர்ந்தாலும் போனில்தான் வரவேண்டும். கடைக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் பதறிவிட்டாள்.

“எதுக்கும்மா கடை? நாலு பேர் நிப்பாங்க. அவங்க முன்னாடி ஊதி, சத்தம் வரலைன்னா? ஆன்லைன்ல போட்டா வீட்டுக்கே வருது. கதவைச் சாத்திக்கிட்டு நிதானமா ஊதிப் பாரு.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். அன்று முழுக்க உட்கார்ந்து விமர்சனங்களைப் படித்துக் காட்டினாள். ‘பேக்கிங் சூப்பர்.’ ‘சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது.’ ‘மகன் பிறந்தநாளுக்கு வாங்கினேன், இன்னும் பிரிக்கவில்லை, மிக அருமை.’ ஊதிப் பார்த்தேன் என்று ஒரு புண்ணியவான் எழுதவில்லை. இருந்தாலும் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள், நாங்களும் வாங்கினோம்.

வந்தது. பேக்கிங் சூப்பர்தான், அதில் பொய்யில்லை. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வெல்வெட்டு, அதற்குள் முகம் பார்க்கலாம் போல ஒரு டிரம்பெட். என் மவுத்பீஸைச் செருகினேன். படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். ஊதினேன்.

காற்று வந்தது. சத்தம் வரவில்லை. சரியாகச் சொன்னால், சத்தம் என்று ஒன்று வந்தது, ஆனால் அது சளி பிடித்தவர் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மேலே போகப் போக அதுவும் இல்லை. முதல் நாள், பழக்கம் விட்டுப் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த நாள் உதட்டைக் குறை சொன்னேன். அதற்கடுத்த நாள் கண்ணாடி முன்னால் நின்று அந்த இரண்டு பற்களையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வாரக் கடைசியில் திட்டவும் தெம்பில்லை. பெட்டியை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவுதான், முடிந்தது என்றே நினைத்தேன்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “போனாப் போகுதும்மா. திருப்பி அனுப்பிடலாம். இன்னும் தேதி இருக்கு.” போனை எடுத்தாள். திருப்பி அனுப்பக் காரணம் கேட்டது. ஒரு வரிசை விரிந்தது. அவள் விரல் கொஞ்சமும் தயங்காமல் ஒன்றைத் தொட்டது. எட்டிப் பார்த்தேன்.

‘மனம் மாறிவிட்டது.’

“இதென்ன?”

“இதைப் போட்டா கேள்வி கேக்கமாட்டாங்கம்மா. சீக்கிரம் எடுத்துக்குவாங்க.”

“யாருக்கு மாறிடுச்சு?”

“அம்மா, அது சும்மா ஒரு...”

“யாருக்கு மனசு மாறிடுச்சுன்னு கேக்கறேன்!”

அவள் பயந்துபோனாள். நானும் என் குரலைக் கேட்டுப் பயந்துபோனேன். பல் உடைந்தது, உடைந்ததுதான். உதடு மரத்தது, மரத்ததுதான். ஆனால் என் மனசைப் பற்றி ஒரு போன் எப்படி எழுதலாம்? நாற்காலி போனாலும் போகட்டும், நானாகவே விட்டுக்கொடுத்தேன் என்று மட்டும் யாரும் எழுதக் கூடாது.

“நாளைக்குக் கடைக்குப் போறோம்,” என்றேன். “இதையும் எடுத்துக்கிட்டு.”

“அங்க போயும் வரலைன்னா?”

“நாலு பேர் பாக்கட்டும். எனக்கு வரலைங்கறதை நாலு பேர் பாத்தாத்தான் நான் நம்புவேன்.”

மறுநாள், கேப்டன் பேர் எழுதும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. அதாவது எனக்கு வேறு நாளே கிடையாது.

இசைக்கருவிக் கடை சாலையைப் பார்த்த பெரிய கண்ணாடிக் கடை. உள்ளே ஒரு பக்கம் கீபோர்டுகள், ஒரு பக்கம் சுவரில் வரிசையாகத் தொங்கும் கிட்டார்கள். பிள்ளைகள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், பெற்றவர்கள் பெருமையோடு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டலாம், மீட்டலாம், உதைக்கக்கூடச் செய்யலாம், யாரும் கேட்பதில்லை. ஊதுகிற கருவிகளுக்கு மட்டும் பூட்டுப் போட்ட அலமாரி. அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்தது: ‘வாய் வைத்தால் வாங்க வேண்டும்.’

டை கட்டிய விற்பனையாளர் வந்தார். “வாங்க மேடம். பேரனுக்கா?”

“எனக்கு.”

“ஓ. வீட்ல அலங்காரத்துக்கு?”

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். எனக்குப் பேரனும் இல்லை, அலங்காரம் செய்ய ஷோகேசும் இல்லை என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர் அவசரமாக அலமாரியைத் திறந்து ஒரு டிரம்பெட்டை எடுத்தார். எடுத்ததும் பழக்க தோஷத்தில், பக்கவாட்டில் இருந்த சின்ன வளைகுழாயைச் சட்டென்று உருவினார்.

டப்.

சோடா பாட்டில் மூடியைத் திறந்தது போல ஒரு சத்தம்.

“இன்னொரு தடவை இழுங்க,” என்றேன்.

“இது பாத்தீங்கன்னா மேடம், உள்ள காத்து சிந்தாம இருக்குன்னு அர்த்தம். இறுக்கமா இருந்தாத்தான் இந்தச் சத்தம்.” டப். இன்னொரு முறை இழுத்துக் காட்டினார்.

நான் கொண்டுபோன பெட்டியைத் திறந்து, வெல்வெட்டை விலக்கி, முகம் பார்க்கும் டிரம்பெட்டைக் கையில் எடுத்து அதே குழாயை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை. அடுத்த குழாய், அதுவும் அப்படியே. ஒழுகல்! ஏர் பிரேக்கில் மயிரிழை அளவு ஒழுகினாலும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கிற எனக்கு, மூஞ்சிக்கு முன்னால் ஒழுகிய காற்று தெரியவில்லை. ஓட்டை என் வாயில்தான் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். மற்றதைத் தேடுவானேன்?

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் அழ வைத்தாயே, தகரமே!

“இது ஆன்லைன்ல வாங்கினதா?” விற்பனையாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வெளியில வாங்கினதை நாங்க தொடமாட்டோம் மேடம்.”

“தொடவேண்டாம். உங்களுதை நான் ஊதிப் பாக்கணும்.”

அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். “வாய் வச்சா...”

நான் கைப்பையைத் திறந்து என் மவுத்பீஸை எடுத்தேன். ஓரத்தில் முலாம் போய்ப் பித்தளை தெரியும் பழசு. “என் வாய் இதுமேலதான் இருக்கும். இது எனக்குச் சொந்தம். உங்க பொருள்மேல நான் வாய் எங்க வைக்கறேன்?”

“மேடம், ரூல்னு ஒண்ணு...”

“ரூல்ல வாய்னுதானே எழுதியிருக்கு? நான் வாயே வைக்கலையே.”

“முதலாளி இல்ல மேடம்.”

“நல்லதாப் போச்சு. அவர் வர்றதுக்குள்ள ஊதிடறேன்.”

டிரம்பெட் எப்படியோ என் கைக்கு வந்துவிட்டது. மவுத்பீஸைச் செருகினேன். அதுவரை இருந்த வாய்ச்சவடால் எல்லாம் அப்போதுதான் அடங்கியது. இனி சாக்குச் சொல்ல ஒழுகல் இல்லை. இதிலும் வராவிட்டால், குறை நான்தான்.

ஊதினேன். கரகரவென்று ஒன்று வந்து பாதியில் உடைந்தது. கீபோர்டுகள் நின்றன. பெற்றவர்கள் போனைத் தாழ்த்தித் திரும்பினார்கள். ஒரு குழந்தை சிரித்தது. மகள் தரையைப் பார்த்தாள்.

“வரலைன்னா விட்டுடுங்க மேடம்,” என்றார் டை கட்டியவர். அவரும் அன்பாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் எங்கிருந்துதான் இவ்வளவு அன்பு வருகிறதோ!

உதட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன். புதுப் பல்லின் மேல் அழுத்தாமல், பக்கத்தில் இருந்த என் சொந்தப் பல்லில் ஊன்றிக்கொண்டு, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து மறுபடி ஊதினேன்.

வந்தது. நேராக, தடிமனாக, கிட்டார்களின் கம்பிகளெல்லாம் சேர்ந்து முனகும்படி வந்தது. மூச்சு தீரும்வரை நிறுத்தவில்லை. நிறுத்தியபோது கண் நிறைந்து எதிரே இருந்தவர் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அலமாரியில் இருந்த ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பளபளப்பானது ஒன்று மூக்கால் பேசியது. விலை உயர்ந்தது ஒன்று என் பேச்சைக் கேட்கவே இல்லை. மேல் தட்டில் ஓரமாக ஒன்று கிடந்தது. அதுதான் நான் நினைப்பதற்கு முன்னாலேயே பாடியது.

“அது பழசு மேடம். யாரோ குடுத்துட்டு வேற எடுத்துட்டுப் போனது. வாயிலே ஒடுக்கு விழுந்திருக்கு, பாருங்க.”

“எனக்கும்தான்,” என்று பல்லைக் காட்டினேன். அன்றைக்கு முதல்முறையாக அந்த மனிதர் ஜன்னலைப் பார்க்காமல் சிரித்தார்.

பில் போடும்போது மகளிடம் சொன்னேன். “அந்த மனசு மாறிடுச்சுங்கறதை முதல்ல மாத்து.”

அவள் போனை எடுத்து அதை அழித்தாள், ‘பொருளில் குறை’ என்பதைத் தொட்டாள். பிறகு கேட்டாள், “விமர்சனம் எழுதட்டுமாம்மா?”

“எழுது. பேக்கிங் சூப்பர், ஊதினா ஒழுகுதுன்னு எழுது.”

எழுதினாள். கடைக்காரர் மட்டும் பெரிய யோக்கியர் என்று நான் சொல்லவரவில்லை. பேரனுக்கா என்று கேட்டவர்தானே. ஆனால் கடையில் சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் நிற்கிறார். அது எனக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை டிப்போவில் பஸ்களை வெளியே நிறுத்திவிட்டு, பட்டறைக் கொட்டகையில் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். புதுசு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தான், கேப்டனைப் பார்த்தான், பாதியிலேயே நின்றான்.

“அட, வாங்கக்கா! கொண்டு வந்துட்டீங்களா?” கேப்டன் கையில் பேர் எழுதும் தாளும் பேனாவும். “சரி, முன்னால நின்னு சும்மா ஒரு தடவை ஊதிக் காட்டுங்க. எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளைப் பரீட்சை எழுதச் சொல்கிறார்.

“காட்டமாட்டேன்,” என்றேன். “பாட்டை ஆரம்பிங்க. நான் வர்ற இடத்துல வருவேன்.”

“அக்கா, ஒருவேளை...”

“வரலைன்னா அந்த இடம் காலியாக் கேக்கும். உங்களுக்கே தெரியும்.”

புதுசு முழுசாக எழுந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து மவுத்பீஸைச் செருகினேன். மகள் கொட்டகை வாசலில் நின்றாள். போனை எடுக்கவில்லை. கேப்டன் கையைத் தூக்கினார்.

டிரம் ஆரம்பித்தது. கிளாரினெட் சேர்ந்தது. என் இடம் வந்தது, நானும் வந்தேன். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மேலே ஏறினேன், இன்னும் மேலே, அந்த உச்சிக்கு. அங்கே என் சுரம் உடைந்தது. எல்லாருக்கும் கேட்டது. பாட்டு நின்றுவிட்டது. கேப்டன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ அன்பாகச் சொல்ல வாயெடுத்தார்.

நான் முந்திக்கொண்டேன்.

“மறுபடியும் முதல்ல இருந்து,” என்றேன்.

அது எப்போதும் கேப்டன் சொல்கிற வார்த்தை. அவர் தாளை மடித்தார். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கையைத் தூக்கினார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.