மச்சானின் மார்பளவு

என் மனைவியின் தம்பி பையும் கையுமாக என் வீட்டில் வந்து இறங்கியபோது அவன் மார்பளவு சரியாக முப்பத்தோரு அங்குலம். அவன் உயரத்துக்கு அது மார்பே இல்லை, சட்டை மாட்டும் ஹேங்கர். அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்களாம். அக்கா வீடுதான் இருக்கவே இருக்கிறதே!

நான் தையல்காரன். முன்னால் கடை, பின்னால் வீடு. மூன்றாம் நாளே அவனை ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தேன். துணியின் ஓரம் பிரியாமல் அடித்துத் தள்ளும் வேலை. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். சம்பளம் கேட்கவில்லை. எனக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. அதுவரை வைத்திருந்த ஆளை நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் தீயணைப்புத் துறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். ஓடுவான், கயிறு ஏறுவான், எழுத்துத் தேர்வும் பயமில்லை. மார்பு மட்டும் முப்பத்து மூன்று இருக்க வேண்டும். ஒரு நூல் குறைந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஆறரை மாதம் அவகாசம்.

"ரெண்டு இஞ்ச்தானே மாமா, வளத்துடலாம்."

"வளக்கறதுக்கு அது என்னடா, தலைமுடியா?"

தெருமுனை ஜிம்மில் சேர்ந்தான். விடிவதற்குள் ஓடுவான், வந்து ஐந்து முட்டையை விழுங்கிவிட்டு மெஷினில் உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முன்னால் பனியனோடு வந்து நிற்பான். அளக்க வேண்டியது என் பொறுப்பு.

முதல் மாதம் உண்மையைத்தான் சொன்னேன். முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று. அந்த மூன்று ஞாயிறும் நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். நான்காவது ஞாயிறு டேப் முப்பத்தொன்றே காலில் வந்து நின்றது. 'கால் அங்குலம்தானே' என்று நீங்கள் நினைக்கலாம். நான் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன். இவன் போய்விட்டால் ஓவர்லாக்கில் யார் உட்காருவது?

கால் அங்குலத்தைச் சொன்னேன். ஒன்றுமே ஏறவில்லை என்றால் சந்தேகம் வருமே. அதற்கப்புறம் நிறுத்திக்கொண்டேன். டேப் ஏறியது, என் வாய் ஏறவில்லை. டேப்பிலிருக்கும் எண்ணை என் கட்டைவிரல் மூடிக்கொள்ளும்.

"எவ்ளோ மாமா?"

"அதே முப்பத்தொண்ணே கால்."

"இன்னொரு தடவ பாருங்களேன்."

"நீ மூச்ச அடக்கிட்டு நின்னா டேப் பயந்துடுமா? அதே கால்தான்."

ஜிம் மாஸ்டர் அவனை வேறு மாதிரி ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். "மாஸ்டர் அளக்கவே வேணாம்கிறார் மாமா. உடம்பு அதோட வேகத்துலதான் வரும், அவசரப்பட்டா போயிடும்னு சொல்றார். நான் தூக்கற எடை ரெண்டு மடங்கு ஆயிடுச்சாம்."

"தேர்வுல இரும்பையாடா அளக்கப்போறாங்க? மார்பத்தானே!"

முகம் சுருங்கிப் போவான். மதியம் வரை மெஷின் மட்டும் பேசும். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வயித்தெரிச்சல் இல்லாம அளங்க" என்பாள். அவளுக்கு என் குணம் தெரியும். என் டேப்பைச் சந்தேகப்பட மட்டும் அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. இருபது வருஷமாக இந்தத் தெருவே நம்பிய டேப்.

இருபதாவது வாரம் டேப் முப்பத்திரண்டரையைத் தொட்டது. நான் முப்பத்தொன்றே கால் என்றேன். பனியனை இழுத்து விட்டுக்கொண்டு அவன் கடை வாசலில் போய் உட்கார்ந்தான். அரைமணி நேரம் கழித்து வந்து சொன்னான்.

"விட்டுடறேன் மாமா. அஞ்சு மாசத்துல கால் இஞ்ச். எனக்கு அவ்ளோதான் எழுதியிருக்கு. கடையிலயே இருந்துடறேன்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா எத்தன முட்டை மிச்சமாயிருக்கும்!" என்றேன்.

அன்றைக்கு எனக்கு ஒரு தாராளம் வந்தது பாருங்கள், அதுதான் என்னைக் கெடுத்தது. ஜெயித்தவனுக்கு வரும் தாராளம். வெட்டி மிஞ்சிய நீலத் துணி இருந்தது. இனிமேல் கடையில் நிற்கப்போகிறவன், ஆள் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று மறுநாளே அவனுக்கு ஒரு சட்டை வெட்டினேன். யோசித்து வெட்டவில்லை. கத்தரி என் கையில் இருந்தால் எனக்கு யோசனை ஓடாது. கைக்குத் தெரிந்த அளவுக்குத்தான் வெட்டும். பொய்யான அளவுக்கு ஒரு சட்டையை வெட்ட என் கைக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். தோளில் சுருக்கம் இல்லை, பட்டன் இழுக்கவில்லை. என் மனைவிகூட, "ஆளே மாறிட்டான்" என்றாள். அவன் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி, பட்டனெல்லாம் போட்டு, வெட்டுகிற மேஜையில் விரித்தான். அக்குளிலிருந்து அக்குளுக்கு டேப்பை வைத்தான்.

"பதினெட்டே கால். ரெண்டு பக்கமும் சேத்தா முப்பத்தாறரை. நம்ம கடையில நாலு இஞ்ச் லூஸ் விடுவோம். அது போக எவ்ளோ மாமா?"

இந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

"கொஞ்சம் தாராளமா வெட்டியிருப்பேன்டா."

"நீங்களா? துணியிலயா?"

என் மனைவி அருகில் வந்தாள். மேஜையிலிருந்த டேப்பை எடுத்தாள். தம்பியை நிற்க வைத்துச் சுற்றினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முப்பத்திரெண்டரை."

"அஞ்சு மாசம் மாமா!" என்றான். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுதிருக்கேன். எனக்குத்தான் உடம்புல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"இப்ப மட்டும் என்ன, தேறிட்டியா?" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. என் வீட்டில், என் மேஜைக்கு முன்னால் என்னையே நிறுத்தி வைத்துக் கேள்வி! "இன்னும் அரை இஞ்ச் வேணும். ஏழு வாரந்தான் இருக்கு. வந்துடுமா?"

"வராதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் மார்பு எந்த வேகத்தில் ஏறும் என்று இந்த உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் ஒரு கால். அரைக்கு ஏழு வாரம். தப்பாமல், நோகாமல், நடுவில் ஒரு நாளும் விடாமல் போனால் கரெக்டாக ஏழு வாரம்.

"பாத்தீங்களா, சொல்ல மாட்டீங்க" என்று பையை எடுத்துக்கொண்டான். சட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டான். ஜிம் மாஸ்டரின் அறையில் படுத்துக்கொண்டானாம்.

அந்த ஏழு வாரமும் என் வீட்டில் பேச்சு இல்லை. தட்டு சத்தமாக வந்து விழும். அவித்த முட்டைகளைத் துணியில் கட்டிக்கொண்டு காலையில் என்னைத் தாண்டிப் போவாள் என் மனைவி. ஒருநாள் பொறுக்காமல், "அஞ்சு பத்தாதுன்னு பத்தா?" என்றேன். "அளந்து பாருங்களேன், உங்களுக்குத்தான் நல்லா வருமே" என்றாள்.

ஓவர்லாக்கில் துணி குவிந்தது. வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று கத்தினார்கள். நிறுத்திய பழைய ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வேறு கடையில் நன்றாக இருப்பதாகச் சொல்லிச் சிரித்தான். நானே உட்கார்ந்து அடித்தேன். முதுகு விட்டுப்போயிற்று.

தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் ஜிம் கதவு வழியே பார்ப்பேன். அவன் அவசரமே இல்லாமல் தூக்குவான், இறக்குவான், மறுபடி தூக்குவான். ஒரு நாளாவது பளுவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வரமாட்டானா என்று நின்று பார்த்தேன். பக்கத்தில் கண்ணாடி இருந்தது. அதன் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை.

தேர்வு நாளன்று அக்காவும் தம்பியும் சேர்ந்து போனார்கள். நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலரை நான்கு முறை பிரித்துத் தைத்தேன். சாயங்காலம் இருவரும் வந்தார்கள். மிச்சமிருந்த துணிமணிகளை எடுக்க அவன் உள்ளே போனான். திரும்பி வரும்போது கேட்டுவிட்டேன்.

"என்னடா ஆச்சு?"

"எடுத்துட்டாங்க."

"மார்பு எவ்ளோ வந்துச்சு?"

வாசற்படியில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். பின்னாலிருந்த அக்காவையும் பார்த்தான்.

"அத மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

என் மனைவியிடம் கேட்டேன். அவளும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.